ஆலனில் ஒரு கட்டடம் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்

மகளுக்கு முதல் வேலைக்கான ஆஃபர் வந்த நேரத்தில் நான் எங்கள் வீட்டு கராஜில் வாட்டர் ஹீட்டருக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தேன். அடியில் ஈரம் தெரிந்தது. எங்கிருந்து கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து "அப்பா!" என்று ஒரு கத்தல். எழுந்த வேகத்தில் குழாயில் தலை இடித்தது. மண்டையைத் தேய்த்துக்கொண்டே ஓடிப்போய் நான் கேட்ட முதல் கேள்வி, "அக்செப்ட் பண்ணிட்டியா?"

மாடிப்படியில் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். "அப்பா, இட் ஜஸ்ட் கேம். ஐ ஹேவன்ட் ஈவன் ரெட் இட்."

"படிக்கிறதுக்கு என்ன இருக்கு? சைன் போடற எடம் கடைசில இருக்கும்."

நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த முறை அதுதான். சென்னையில் என் முதல் வேலைக்கான கடிதத்தில் "ட்ரெய்னி எஞ்சினியர்" என்று போட்டிருந்தது. எதில் ட்ரெய்னி என்று நான் கேட்கவில்லை. சேர்ந்த பிறகு, கம்ப்யூட்டர்கள் இருந்த அறையின் ஏசியைக் கவனித்துக்கொள்வதுதான் வேலை என்று சொன்னார்கள். மாதக்கணக்கில் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தேன். வீட்டில் "கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்" என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யில்லை. பிறகு அமெரிக்காவுக்கு ஆள் எடுத்தார்கள். நியூஜெர்சி என்றார்கள். கையிலிருந்த காசுக்கெல்லாம் குளிர் கோட்டு வாங்கிக்கொண்டு போய் இறங்கினால், வேலை டெக்ஸஸில் என்றார்கள். அந்தக் கோட்டு இன்னமும் எங்கள் க்ளாசெட்டில் தொங்குகிறது. டாலஸ் பக்கத்தில் நாங்கள் இருக்கும் காப்பெலில் அதைப் போட்டுக்கொள்ளும்படியான ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறோம், அதுவும் நானும்.

என் மகள் வேறு மாதிரி. இங்கேயே பிறந்தவள். சாண்ட்விச் வாங்கப் போனாலே, உள்ளே வைக்கும் சாஸ் இனிக்குமா உறைக்குமா, அதைத் தனியாகத் தருவார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் ஆர்டர் பண்ணுவாள். பின்னால் வரிசையில் நிற்கும் எனக்கு வேர்த்துவிடும். ஆஸ்டினில் படிப்பை முடித்துவிட்டு அந்தக் கோடையில் வீட்டில் இருந்தாள். விண்ணப்பம் போட்டுப் போட்டு, மறுப்புக் கடிதங்களை வாசித்து வாசித்து, ஒரு கட்டத்தில் எந்தக் கம்பெனி எந்த வார்த்தையில் மறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள். அப்படிப்பட்ட நேரத்தில் வந்த ஆஃபர் இது.

டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் ஒரு கம்பெனி. குளிர்சாதன லாரிகளுக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே கண்காணிக்கும் மென்பொருள் செய்கிறார்கள். நாடு முழுக்க ஐஸ்க்ரீமும் இறாலும் உருகாமல் போய்ச் சேருவது இவர்கள் பொறுப்பு. அதில் டேட்டா அனலிஸ்ட் வேலை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆலனுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஃப்ரீவேயில் ஒரே ஓட்டமாகப் போய்விடலாம். அவள் எங்களோடேயே இருக்கலாம். சாயங்காலம் வந்தால் சூடாக ரசம் இருக்கும். மனதுக்குள் அவளை ஏற்கெனவே வேலைக்கு அனுப்பித் திரும்ப அழைத்தும் வந்துவிட்டேன்.

"சான் ரமோன் கம்பெனியில ஒரு ரவுண்டு பாக்கி இருக்கேப்பா," என்றாள் ஆங்கிலத்தில். கலிஃபோர்னியாவில் இன்னொரு கம்பெனியிலும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். "அதையும் பார்த்துட்டு சொல்றேனே."

"கையில இருக்கறத விட்டுட்டு எதுக்குப் பார்க்கணும்?"

என் மனைவி ஒரு மருத்துவமனை லேபில் வேலை செய்கிறாள். எந்தச் செய்தியையும் ரத்தப் பரிசோதனை முடிவைப் போலவே, முகம் மாறாமல் வாசிப்பாள். ஆஃபர் முழுவதையும் வாசித்துவிட்டு, "இதுல அவ தினமும் என்ன செய்யப்போறான்னு ஒரு வரிகூட இல்லியே," என்றாள்.

"அதெல்லாம் சேர்ந்ததும் சொல்லுவாங்க."

"ஆமா, ஏசி ஃபில்டர் கழுவச் சொல்லுவாங்க," என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டில் பாட்லக். ஆளுக்கொரு பதார்த்தம் எடுத்துப்போய்ச் சாப்பிடும் கூட்டம். ஆஃபர் விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மகள் காரில் எச்சரித்திருந்தாள். நான் ஒருவரிடம்தான் சொன்னேன். செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அவளைச் சுற்றி ஐந்தாறு அங்கிள்கள் நின்றார்கள். ஒருவர் ரிடயர்மென்ட் கணக்குக்குக் கம்பெனி எவ்வளவு போடும் என்று கேட்டார். அவளுக்கு இருபத்திரண்டு வயது. இன்னொருவர் கண்ணுக்கும் பல்லுக்கும் தனித்தனி இன்ஷூரன்ஸா என்றார். ஒரு ஆன்ட்டி, அங்கே எல்லாரும் பேச்சிலர்ஸா என்று மெதுவாகக் கேட்டு, பதில் வராததால் பிரியாணி எடுக்கப் போனார்.

அப்போதுதான் லேஆஃப் அங்கிள் வந்தார். அந்தப் பெயர் என் மகள் வைத்தது. எங்கள் வட்டத்தில் எந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னாலும், அங்கே அடுத்த காலாண்டில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று சொல்லும் மனிதர் அவர். ஒரு பெரிய தொலைத்தொடர்பு கம்பெனியில் மேனேஜர். நல்லவர்தான். வீடு மாற்றினால் சோபா தூக்க முதலில் வருவார். ஆனால் தூக்கிக்கொண்டே ஆலோசனை சொல்வார்.

கம்பெனியின் பெயரைக் கேட்டதும் கையிலிருந்த வடையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

"ஆலன்லயா? அந்த கம்பெனியா? வேண்டவே வேண்டாம்மா. க்ரோத்தே கிடையாது."

"ஆர் யூ ஷ்யூர், அங்கிள்?"

"எத்தனை பேர பார்த்திருக்கேன்! இன்டர்வியூ எல்லாம் எப்படி நடந்துச்சு? நேர்ல போனியா?"

"நோ, ஆல் வீடியோ."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாஸ், எல்லாமே வீடியோவுலன்னா கொஞ்சம் ஜாக்கிரதை. இப்பல்லாம் போலி கம்பெனி நிறைய. அட்ரஸ தேடிப் போனா அங்க டோனட் கடை இருக்கும்."

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும் வழியில், அவளை இன்டர்வியூ செய்த மேனேஜரின் பின்னால் என்ன தெரிந்தது என்று கேட்டேன்.

"எ பீச்."

"பீச்சா? ஆலன்ல ஏது பீச்?"

"இட்ஸ் எ விர்ச்சுவல் பேக்ரவுண்டு, அப்பா." பிறகு கொஞ்சம் மென்மையாக, அந்த மேனேஜர் நல்ல மனிதர் என்றும், அவரிடம் வேலை கற்றுக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இந்த ஆஃபரை யோசிப்பதாகவும் சொன்னாள். எனக்கு பீச் மட்டும்தான் மனதில் நின்றது.

திங்கட்கிழமை டென்டிஸ்டிடம் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, அரை நாள் லீவு போட்டு ஆலனுக்கு ஓட்டினேன். என் திட்டம் மிக எளிமையானது. கட்டடம் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் திரும்பி வருவது.

இருந்தது. மூன்று மாடி, கண்ணாடி முகப்பு. கம்பெனியின் பெயரையும் கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததும் அடுத்த கேள்வி முளைத்தது. பார்க்கிங்கில் கார்கள் இவ்வளவு குறைவாக இருப்பானேன்? உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா, பெயர்ப் பலகை மட்டும்தானா? ஜூலை மாத வெயில் தார் ரோட்டிலிருந்து எழும்பி பேன்ட்டுக்குள் ஏறியது. உள்ளே ஏசி இருக்கும் என்று தோன்றியது. ஏசி விஷயத்தில் எனக்கு எப்போதும் ஒரு ஈடுபாடு உண்டு. கதவைத் தள்ளினேன்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, திரையைப் பார்த்து, ஒரு சத்தம் எழுப்பினாள். அது ஒரு பெயராக இருக்க வேண்டும். நடுவில் தடுமாறி, மூச்சு வாங்கி, கடைசி அசையை விட்டுவிட்டு நிறுத்தினாள்.

இந்த நாட்டில் இத்தனை வருடங்களாக என் பெயரை யாரும் இருமுறை ஒரே மாதிரி கூப்பிட்டதில்லை. ஒரு மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நீளமாகத் தடுமாறினால், அது நான்தான் என்று எடுத்துக்கொள்ள என் உடம்பு பழகிவிட்டது. "யெஸ்," என்றேன்.

"நல்ல வேளை, சீக்கிரமே வந்துட்டீங்க," என்று ஆங்கிலத்தில் சொல்லி, எதிரிலிருந்த சின்னக் கேமராவைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். என் படம் போட்ட ஒரு ஸ்டிக்கர் வெளியே வந்தது. அவளே எழுந்து வந்து என் சட்டையில் ஒட்டினாள். கண்ணாடி காரில் இருந்ததால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். வந்தவர்களை இப்படி உபசரிக்கும் கம்பெனி கெட்ட கம்பெனியாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அது மட்டும்தான் நினைத்தேன்.

உயரமான, நரைத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, பைகளில் அதையே தேடினார். கை கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில், தமிழில் சொல்கிறேன்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன். நான் செப்டம்பரோட கிளம்பறேன். எனக்கும் என் மனைவிக்கும் ஒரு படகு இருக்கு, இனிமே மீன் பிடிக்கப்போறோம். என் நாற்காலிக்கு ஆள் தேடறோம். நீங்க ஏன் இங்க வரணும்னு நினைச்சீங்க?"

அப்போதுதான் புரிந்தது. நான் வேறு யாருடைய இன்டர்வியூவிலோ உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இந்தக் கட்டடம் நிஜமாவே இருக்கான்னு பார்க்கத்தான் வந்தேன்."

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இந்த மாசம் நான் கேட்ட முதல் நேர்மையான பதில் இதுதான்!"

அங்கேயே எழுந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். கல்லூரியிலிருந்து நேராக வரும் பிள்ளைகளை எப்படி வேலைக்குப் பழக்குவீர்கள் என்றார்.

"முதல்ல எழுப்பணும். கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டாங்க. போர்வைய இழுக்கணும்."

அதற்கும் சிரித்தார். "அதுதான் இங்க முக்கியம். புதுசா ஒரு பொண்ணு வர்றா, நான்தான் வீடியோவுல இன்டர்வியூ பண்ணேன். ரொம்ப ஷார்ப். கையெழுத்துப் போட்டான்னா ராத்திரி அலாரத்த அவகிட்ட கொடுத்துடலாம்."

ஷார்ப் என்றதும் என் நெஞ்சு நிமிர்ந்தது. அலாரம் என்றதும் அது பழையபடி இறங்கியது. "என்ன அலாரம்?"

அவர் விளக்கினார். அரிசோனா பாலைவனத்தில் ஒரு லாரியில் குளிர் குறைந்தால் இங்கே அலாரம் அடிக்கும். ராத்திரி என்றும் பாராமல் அடிக்கும். யாராவது எழுந்து, டிரைவரைக் கூப்பிட்டு, ஐஸ்க்ரீமை வேறு லாரிக்கு மாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் வருடம் அது புது ஆட்களின் பொறுப்பு. கோடையில் கொஞ்சம் அதிகமாகவே அடிக்கும்.

காலை ஒன்பது மணிக்குப் போர்வையை இழுத்தாலும் அதன் கூடவே உருண்டு வரும் என் மகளையும், பாலைவனத்தில் உருகும் ஐஸ்க்ரீமையும் நான் சேர்த்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வரவேற்புப் பெண் கலவரத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால், அந்த வெயிலில் கோட்டும் டையுமாக, லேஆஃப் அங்கிள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் பேசியது அவர். குரலில் நிஜமான வருத்தம்.

"என்ன பாஸ், நீங்களும் அப்ளை பண்ணீங்களா? நான் வேண்டாம்னு சொன்ன உடனே வந்துட்டீங்களா?"

"நீங்கதானே சார் க்ரோத் இல்லேன்னு சொன்னீங்க!"

"அது ஃப்ரெஷ்ஷர்ஸுக்கு!"

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலைமேலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பெயரில் சின்னக் குழப்பம், நான் கட்டடம் பார்க்க மட்டும்தான் வந்தேன், கட்டடம் நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுந்தேன். யாருடைய அப்பா என்று சொல்லவில்லை. அந்த அளவு புத்தி வேலை செய்தது. கதவருகே லேஆஃப் அங்கிள் என் கையைப் பிடித்து ரகசியமாக, "எங்க கம்பெனில நிலைமை சரியில்ல பாஸ். யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா உங்க வீட்ல," என்றார். அவர் கை சில்லென்று இருந்தது. அதுவரை அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தவன் அந்தக் கணத்தில் நிறுத்திக்கொண்டேன். மற்றவர்கள் கம்பெனியைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் தன் கம்பெனியைப் பற்றி மட்டும் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றவும் மனதார முயன்றேன்.

வீட்டுக்கு வந்தபோது இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கை கழுவிவிட்டு நானும் உட்கார்ந்தேன். வாக்கு மீறாமல் செய்தியை மட்டும் எப்படிச் சேர்ப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"சும்மா ஒரு யோசனை," என்று ஆரம்பித்தேன். "அந்த மேனேஜர் கடைசி வரைக்கும் அங்கேயே இருப்பாரான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோ. சில பேருக்கு மீன் பிடிக்கிற ஆசை வந்துடும்."

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "வாட்?"

"ராத்திரியில ஏதாவது அலாரம் கிலாரம் அடிக்குமான்னும் கேளு. அரிசோனா மாதிரி எடத்துலேர்ந்து."

மனைவி என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கையை நீட்டி, பாக்கெட்டுக்கு மேலே இருந்த ஸ்டிக்கரை உரித்தெடுத்தாள்.

"டென்டிஸ்ட் ஆபீஸ்ல இப்பல்லாம் ஃபோட்டோ எடுத்து ஒட்டறாங்களா?" பிறகு எழுத்தைப் பார்த்தாள். "உங்க ஃபோட்டோ. கீழ நம்ம லேஆஃப் அங்கிள் பேரு. எதுக்குங்க அவர் பேர்ல போனீங்க?"

அதற்குப் பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. மகள் சிரிக்கவில்லை.

"நான் வேலைக்குச் சேரப்போற ஆபீஸுக்கு நீங்க போனீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். குரல் உயரவே இல்லை. "நான் யாரோட பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா?"

"சொல்லலையேம்மா."

"அது பாயின்ட் இல்ல, அப்பா."

தட்டை எடுத்துச் சிங்க்கில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அவள் நீச்சல் வகுப்பின் கண்ணாடிக்கு வெளியே நான் நின்று கையை ஆட்டிச் சொல்லிக்கொடுப்பேன். அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நீந்துவாள். இப்போது நான் கண்ணாடியைத் தாண்டிக் குளத்திலேயே குதித்துவிட்டேன் என்று புரிந்தது. மனைவியிடம் அதைச் சொன்னேன். "அதுவும் வேற ஒருத்தர் ட்ரஸ்ஸுல," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மாடியில் கதவு திறந்தது. படியின் மேல் நின்று, "வெயிட். லேஆஃப் அங்கிள் இஸ் கோயிங் டு பி மை பாஸ்?" என்றாள். முகத்தைக் கடுமையாக வைத்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை அந்த மேனேஜருக்கு அவளே போன் செய்தாள். நான் ஹாலில் உட்காரலாம், வாயைத் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. சாண்ட்விச் கடையில் கேட்பதைப் போலவே கேட்டாள். யாரிடம் வேலை செய்வேன்? நீங்கள் இருப்பீர்களா? ராத்திரி வேலை உண்டா? முதல் திங்கட்கிழமை என் மேசையில் என்ன இருக்கும்? ஒவ்வொன்றுக்கும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. இப்படியெல்லாம் கேட்டால் ஆஃபரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்றே நான் வாழ்நாள் முழுதும் நம்பி வந்திருக்கிறேன்.

அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. தான் போவதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றும், அவள் கேட்காததால் சொல்லாமல் விட்டது சரியில்லை என்றும் அவர் சொன்னார். அலாரம் விஷயத்தையும் மறைக்கவில்லை. அவளும் ஒன்றை மறைக்கவில்லை. "நேத்து தப்பா உங்க ரூமுக்கு வந்தவர் என் அப்பா," என்றாள். மறுமுனையில் வந்த சிரிப்பு ஹால்வரை கேட்டது. யோசிக்க இன்னொரு வாரம் வேண்டும் என்று கேட்டாள். கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை என்று அச்சடித்திருந்த கெடு, ஒரு வாக்கியத்தில் ஒரு வாரம் தள்ளிப்போனது. எனக்கு அது மாயவித்தை போல இருந்தது.

அந்த வாரத்தில் சான் ரமோன் கம்பெனியோடு மிச்சமிருந்த பேச்சு நடந்தது. அங்கே அவளுக்கு மேலே இருக்கப்போகிற பெண்மணியிடமும் இதையே கேட்டாள். முதல் சில மாதம் மகா போர் என்று அந்தப் பெண்மணி சொன்னாராம். பழைய தகவல்களைச் சுத்தம் செய்யும் வேலை, என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து செய்வாய், தப்பு செய்தால் நான் பார்த்துச் சொல்வேன், கான்டீனில் மட்டும் எதையும் எதிர்பார்க்காதே என்றாராம். "அவ என்கிட்ட எதையும் விக்கப் பார்க்கலப்பா," என்றாள் மகள். அவர்களும் ஆஃபர் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் லேஆஃப் அங்கிள் நின்றார். ஆலன் வேலை அவருக்குக் கிடைத்துவிட்டது. முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் ஒன்றாக இருந்தன. ஸ்டிக்கர் கதையை என் மனைவி ஏற்கெனவே அவர் மனைவியிடம் சொல்லி முடித்திருந்தாள். அவர் காபியை வாங்கிக்கொண்டு நேராக என் மகளிடம் பேசினார்.

"அன்னிக்கி நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாதும்மா. எனக்கே அந்த இடம் கிடைக்குமான்னு ஒரு பயம். நீ அங்க வரணும்னு நினைச்சா தாராளமா வா. நான் அட்வைஸ் பண்ண மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை எங்களில் யாரும் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.

"அங்கிள், டிட் யூ ஆஸ்க் அபௌட் த நைட் அலாரம்ஸ்?" என்றாள் மகள்.

"அது ஜூனியர்ஸ் பார்த்துப்பாங்கம்மா."

"ஐ வாஸ் த ஜூனியர், அங்கிள். நான் சான் ரமோனுக்குப் போறேன். தென் ஹூ?"

எனக்கும் அப்போதுதான் அவள் முடிவு தெரிந்தது. அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். யோசித்தார். பிறகு போனை எடுத்து, "வேற என்னல்லாம் கேட்கணும்? மெதுவா சொல்லு," என்றார். அவள் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் டைப் அடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஐம்பது வருட அனுபவம் இருக்கும். அதில் ஒரு கேள்வியைக்கூட நாங்கள் யாரிடமும் கேட்டதில்லை. போகும்போது அவர் என்னிடம் தனியாக, "உங்க பொண்ணு நமக்கு முன்னாடியே பொறந்திருக்கணும் பாஸ்," என்றார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தார். இப்போது அந்தக் கம்பெனியில் யார் வேலை கேட்டாலும் க்ரோத் பிரமாதம் என்கிறார்.

ஆகஸ்டில் அவளைச் சான் ரமோனில் கொண்டுபோய் விட்டோம். இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு அபார்ட்மென்ட். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். மனைவி இட்லிப் பொடியை எங்கே வைப்பது என்று அந்தப் பெண்களிடம் ஆலோசித்தாள். அவள் ஆபீஸ் இருக்கும் பக்கம் வாடகைக் காரை விடட்டுமா, சும்மா வெளியிலிருந்து ஒரு பார்வை, என்று கேட்டேன். தாயும் மகளும் ஒரே குரலில் "நோ" என்றார்கள். திரும்பும்போது விமான நிலையத்தில் மனைவி அழுதாள். நான் விமான டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்ததால் அழவில்லை. டிக்கெட் கையிலேயே இருந்தது.

முதல் நாள் வேலை முடிந்து சாயங்காலம் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"எப்படி இருந்துச்சு?"

"ஓகேப்பா. என் லேப்டாப் வந்துடுச்சு. சார்ஜர் வரல. பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்."

நான் போனை நோக்கிக் குனிந்தேன். "சும்மா உட்காரலாமா? யார்கிட்டயாவது போய்க் கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டேன்ப்பா," என்றாள். "எல்லார்கிட்டயும் கேட்டேன். நௌ ஐ ஹேவ் த்ரீ சார்ஜர்ஸ்."